ஓடும் காரில் கருகல் வாடை: நெல்லைச் சாலைகளில் புதிதாக ஓட்டுபவர்களுக்கு

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்கள் கியர், கிளட்ச், பிரேக் எல்லாம் சொல்லித் தருகிறார்கள். மூக்கை வைத்து என்ன செய்வது என்று பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை. ஆனால் பல கோளாறுகளுக்கு மீட்டர் போர்டில் விளக்கே கிடையாது. ஒரு சக்கரத்தில் மட்டும் பிரேக் பிடித்துக்கொண்டிருந்தால் விளக்கு எரியாது. கிளட்ச் பிளேட் கருகினாலும் பெரும்பாலான கியர் வண்டிகளில் எரியாது. சைலன்சரில் வைக்கோல் சிக்கியிருப்பதை எந்தக் காரும் சொல்லாது. வாடை மட்டும்தான் சொல்லும்.

புதிதாக ஓட்டுகிறவர்கள் என்னிடம் கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்: "என்ன வாடை?" என்று யோசிப்பதற்கு முன்னால் "எப்போது வந்தது?" என்று யோசியுங்கள். வண்டிக்குள் நாலு பேர் இருந்தால் ஒருத்தர் ரப்பர் என்பார், இன்னொருத்தர் பிளாஸ்டிக் என்பார், பின்சீட்டில் இருக்கும் அத்தை "வெளிய யாரோ குப்பையைக் கொளுத்துதாங்க" என்பார். மூக்கும் கொஞ்ச நேரத்தில் வாடைக்குப் பழகிவிடும். ஆனால் வாடை வருவதற்கு முந்தின ஐந்து நிமிடம் வண்டி என்ன செய்துகொண்டிருந்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. மலை இறங்கினோமா, நெரிசலில் ஊர்ந்தோமா, ரோட்டில் காயப்போட்ட கதிர்மேல் ஏறி வந்தோமா, ஏசி போட்டோமா, நேற்றுத்தான் சர்வீஸ் விட்டு எடுத்தோமா? பாதி விடை இதிலேயே வந்துவிடும்.

முதல் வேலை ஓரம் கட்டுவது

வாடை வெளியிலிருந்து வருகிறதா என்று பார்க்கச் சில நொடிகள் போதும். ஏசியில் வெளிக்காற்றை அடைத்து உள்காற்றையே சுற்றவிடும் பட்டனை அழுத்துங்கள். சங்கரன்கோவில் சாலையில் போகிறீர்கள் என்றால் ராமையன்பட்டி குப்பைக் கிடங்கு பக்கம் கோடையில் புகை வருவது நமக்குத் தெரிந்ததுதான். அறுவடை முடிந்த வயலில் தாள் கொளுத்துவார்கள். முன்னால் போகிற லாரியின் பிரேக் வாடைகூட நம் வண்டிக்குள் வரும். அந்த இடத்தைத் தாண்டியதும் வாடை போய்விட்டால் சரி. தாண்டியும் கூடவே வந்தால் அது உங்கள் வண்டியின் வாடை.

புகை தெரிந்தாலோ, ஒயர் கருகும் வாடை என்றாலோ, பெட்ரோல் வாடை கலந்து வந்தாலோ, வெப்ப முள் ஏறினாலோ, பிரேக் பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கினாலோ இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம். உடனே ஓரம் கட்டுங்கள். "நாங்குநேரி வரைக்கும் போய் மெக்கானிக்கைப் பாத்துக்கிடலாம்" என்ற எண்ணம் வேண்டவே வேண்டாம். நின்ற வண்டியில் சின்ன வேலையாக முடிவது, பத்து கிலோமீட்டர் இழுத்தால் பெரிய செலவாகும். தீயாகவும் ஆகலாம்.

நாலு இண்டிகேட்டரையும் போட்டு, கண்ணாடி பார்த்து, இடது ஓரத்துக்கு நிதானமாக வாருங்கள். வல்லநாடு பாலம் மாதிரி பாலத்தின் மேலோ, வளைவிலோ நிறுத்தாதீர்கள். காய்ந்த புல்லின் மேலும் நிறுத்தக் கூடாது. இதைப் பலரும் கவனிப்பதில்லை. வண்டிக்கு அடியில் இருக்கும், இன்ஜின் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் ஓட்டத்தில் உள்ளே 400 டிகிரிக்கு மேல் சூடாகும். மாசி, பங்குனிக்கு மேல் நம் பக்கத்து ரோட்டோரப் புல் காய்ந்து கிடக்கும். வெறும் மண்ணோ, சரளையோ, தாரோ பார்த்து நிறுத்துங்கள்.

நின்றதும் கதவு லாக்கை எடுத்துவிடுங்கள், கண்ணாடிகளை இறக்குங்கள், அதற்குப் பிறகு இன்ஜினை அணையுங்கள். ஒயரிங் போய்விட்டால் பவர் விண்டோவும் லாக்கும் வேலை செய்யாமல் போகலாம் என்பதால்தான் இந்த வரிசை. எல்லோரும் இடது பக்கக் கதவு வழியாக இறங்கி, ரோட்டை விட்டுத் தள்ளி நிற்க வேண்டும். பிள்ளைகளை முதலில் இறக்குங்கள். பணகுடி, காவல்கிணறு பக்கம் காற்று எப்படி அடிக்கும் என்று தெரியும்தானே. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாகவே நில்லுங்கள், புகை உங்கள் மேல் வராது. முக்கோணப் பலகை இருந்தால் ஐம்பது மீட்டராவது பின்னால் தள்ளி வையுங்கள்.

பானட் இடுக்கில் புகை வந்தால் பானட்டை முழுசாகத் தூக்காதீர்கள். காற்று கிடைத்ததும் உள்ளே இருக்கிற நெருப்பு குபீரென்று எழும். உள்ளே நெம்புகோலை இழுத்து லாக்கை மட்டும் விடுவித்து, அந்தச் சின்ன இடைவெளி வழியாகத் தீயணைப்பான் பவுடரை அடிக்கலாம். ஒரு கிலோ ஏபிசி பவுடர் சிலிண்டர் காரில் வைக்கப் போதும். ஆனால் அது சில நொடிகளில் தீர்ந்துவிடும், ஆரம்பத் தீயைத்தான் அணைக்கும். ஜுவாலை வெளியே தெரிந்தால் வண்டியை விட்டுவிட்டு விலகிப் போங்கள். பையை எடுக்கிறேன், ஆர்சி புக்கை எடுக்கிறேன் என்று திரும்பப் போகாதீர்கள். தீயணைப்புக்கு 101, பொது அவசரத்துக்கு 112. தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால் 1033.

தீ இல்லை, வாடை மட்டும்தான் என்றால் அடுத்து கண்டுபிடிக்கும் வேலை.

வண்டியைச் சுற்றி ஒரு நடை

நாலு சக்கரத்தின் பக்கமும் போய்த் தனித்தனியாக மோந்து பாருங்கள். பிறகு பானட் முன்னால் நில்லுங்கள். பிறகு குனிந்து வண்டிக்கு அடியில் பாருங்கள், போன் டார்ச் போதும். வாடை எங்கே கூடுதலாக இருக்கிறது என்று தெரிந்தாலே சந்தேகம் ஒன்றிரண்டு இடங்களுக்குள் அடங்கிவிடும். சக்கரத்தின் பக்கத்தில் உள்ளங்கையைச் சில அங்குலம் தள்ளிப் பிடித்து அனலைப் பாருங்கள், தொடாதீர்கள். இடதையும் வலதையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் முக்கியம். நன்றாக ஓடி வந்த வண்டியில் முன் சக்கரங்கள் இரண்டும் சூடாகத்தான் இருக்கும். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இனி, நம் பக்கத்துச் சாலைகளில் அடிக்கடி வருகிற காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ரோட்டில் காயும் கதிரும் வைக்கோலும்

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவிப் பக்கம் கார் பருவ நெல் அறுவடையோ பிசானப் பருவ அறுவடையோ நடக்கும்போது வைக்கோல் ரோட்டுக்கு வந்துவிடும். மானூர், சங்கரன்கோவில், கயத்தாறு பக்கம் கரிசல் காட்டில் உளுந்துச் செடியையும் பாசிப்பயற்றுச் செடியையும் தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். வண்டிகள் ஏறி ஏறிப் பயறு உதிர்ந்துவிடும். களம் இல்லாத விவசாயி வேறு என்ன செய்வார்? அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் காருக்கு இது நிஜமான ஆபத்து.

சின்னக் கார்களின் அடிப்பாகம் தரையிலிருந்து சுமார் 17 சென்டிமீட்டர்தான் உயரம். குவியல் அதைவிட உயரமாக இருந்தால் வைக்கோல் இரண்டு இடத்தில் மாட்டும். ஒன்று, சைலன்சர் குழாய்க்கும் அதன் மேலே இருக்கும் தகரத் தடுப்புக்கும் நடுவே. அங்கே சிக்கினது கொஞ்சம் கொஞ்சமாகக் கருகி, நீங்கள் அடுத்த ஊர் தாண்டிய பிறகுகூடப் புகைய ஆரம்பிக்கும். இன்னொன்று, முன் சக்கரத்துக்குப் போகிற ஆக்ஸில் தண்டு. குனிந்து பார்த்தால் தெரியும்: கயிறு திரித்தது மாதிரி வைக்கோல் தண்டைச் சுற்றி இறுகியிருக்கும், வெளிப்பக்கம் மஞ்சளாகவும் உள்பக்கம் கருத்தும் இருக்கும். அந்தத் தண்டின் முனையில் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை இருக்கிறது. வைக்கோல் இறுகி அதைக் கிழித்துவிட்டால் உள்ளே இருக்கும் கிரீஸ் சுழன்று தெறித்து, சூடான பாகங்களில் பட்டு வாடையடிக்கும். அப்புறம் வண்டியைத் திருப்பும்போதெல்லாம் டக் டக்கென்று சத்தம் வர ஆரம்பிக்கும். மெக்கானிக்குகள் "ஆக்ஸில் பூட் கிழிஞ்சிருக்கு" என்று சொல்வது இதைத்தான். கிழிந்ததும் மாற்றினால் உறைக்கும் கிரீசுக்கும் உள்ள செலவோடு போகும். சத்தம் வந்த பிறகு போனால் ஜாயிண்டையே மாற்ற வேண்டியிருக்கும்.

கதிர் ரோட்டை முழுசாக அடைத்துக் கிடந்தால் இறங்கி, "அண்ணாச்சி, ஒரு பக்கமா கொஞ்சம் ஒதுக்கித் தாங்க" என்று கேளுங்கள். ஒதுக்கித் தருவார்கள். ஏறித்தான் போக வேண்டும் என்றால் முன்னால் போன பஸ் அழுத்திய தடத்திலேயே மெதுவாகப் போங்கள். குவியலின் மேல் வண்டியை நிறுத்தவே கூடாது. தாண்டியதும் அடுத்த நல்ல இடத்தில் நிறுத்தி அடியில் ஒரு தடவை பாருங்கள், வாடை வந்தாலும் வராவிட்டாலும்.

சிக்கியிருந்தால் இன்ஜினை அணைத்து, நீளக் குச்சியாலோ வளைந்த கம்பியாலோ இழுத்து எடுங்கள். வெறுங்கையை விடாதீர்கள், சைலன்சர் தோலை உரித்துவிடும். ஆக்ஸிலில் இறுகினதை இழுத்தால் வராது. வண்டி நன்றாக ஆறிய பிறகு, ரப்பர் உறையில் படாமல் கத்தியால் நறுக்கித்தான் எடுக்க வேண்டும். ஜாக்கியில் தூக்கி வைத்த வண்டிக்கு அடியில் ஒருபோதும் படுக்காதீர்கள். கைக்கு எட்டவில்லையென்றால் ஒர்க்‌ஷாப்பில் எடுத்துக்கொள்ளலாம். வைக்கோல் தீப்பிடித்துவிட்டது, உங்களால் கிட்டே போகவும் முடிகிறது என்றால் தண்ணீரோ மண்ணோ எது கிடைத்தாலும் தயங்காமல் போடுங்கள்.

பாலித்தீன் பையும் இதே வேலையைச் செய்யும். ரோட்டில் பறந்த பை சூடான குழாயில் ஒட்டிக்கொண்டால் பிளாஸ்டிக் கருகும் வாடை நாள் கணக்கில் விட்டு விட்டு வரும். ஆறிய பிறகு சுரண்டி எடுத்தால் தீர்ந்தது.

மலை இறக்கத்தில் பிரேக்

மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறும் பாதை, பாபநாசத்துக்கு மேல் காரையாறு போகும் பாதை, செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு வழியாகப் புனலூர் போகும் பாதை. நெல்லைக்காரர் மலை ஓட்டிப் பழகுவதெல்லாம் பெரும்பாலும் இந்த மூன்றில்தான். மாஞ்சோலை கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல். அவ்வளவு உயரத்திலிருந்து ஒரு டன் எடையுள்ள வண்டியை இறக்கும்போது வரும் வேகத்தையெல்லாம் பிரேக் மட்டுமே வாங்கிக்கொண்டால் அது முழுக்கச் சூடாக மாறும். வாடை வரத்தான் செய்யும்.

எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். செங்குத்தான இடத்தில் இரண்டு, ரொம்பச் செங்குத்து என்றால் ஒன்று. இன்ஜினே வண்டியைப் பிடித்து வைக்கும். மெதுவாகக் காலை வைத்துக்கொண்டே இறங்குவதைவிட, கொஞ்சம் அழுத்தி வேகத்தைக் குறைத்து, காலை எடுத்து, திரும்ப அழுத்துவது நல்லது. நடுவில் ஆற நேரம் கிடைக்கும். எரிபொருளை மிச்சம் பிடிப்பதாக நினைத்து நியூட்ரலில் இறக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இன்ஜின் பிடிமானம் போய்விடும், எல்லாப் பாரமும் பிரேக் மேல் விழும்.

வாடை வந்துவிட்டால் அகலமான இடம் பார்த்து நிறுத்தி, இருபது நிமிடமாவது ஆற விடுங்கள். ஹேண்ட் பிரேக்கை இழுக்காமல் கியரில் போட்டுவிட்டு, சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுங்கள். கொதிக்கும் பிரேக் டிரம்மில் ஷூவை (டிரம்மின் உள்பக்கம் அழுத்தும் பிரேக் கட்டையை) அழுத்தி வைத்தால் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். டிஸ்க் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், கோணிவிடும், விரிசலும் விடலாம்.

பெடல் பஞ்சு மாதிரி மெத்தென்று இறங்கினால் அது வாடையைவிடப் பெரிய எச்சரிக்கை. பிரேக் ஆயில் கொதித்து உள்ளே ஆவி சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். டாட் 3 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்குக் குறையாமல் தாங்க வேண்டும் என்பது தரம். காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சின பிறகு அந்த அளவு 140 வரைக்கும் இறங்கிவிடும். டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை பிரேக் ஆயிலை மாற்றச் சொல்கிறார்கள். பெடல் மெத்தென்று ஆகிவிட்டால் வேகமாக நாலைந்து தடவை மிதித்து விடுங்கள், கியரைக் குறையுங்கள், ஹேண்ட் பிரேக்கைப் பொத்தானை அழுத்தியபடியே கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து நிறுத்துங்கள்.

சமதளத்தில், மலையே ஏறாமல், பிரேக் வாடை வருகிறதா? ஒர்க்‌ஷாப்பில் கேட்கும் முதல் கேள்வி "அண்ணாச்சி, ஹேண்ட் பிரேக்கை முழுசா எறக்கினியளா?" என்பதுதான். அரைகுறையாக இறங்கியிருந்தால் பின் சக்கரம் இரண்டும் சூடாகும். ஒரு சக்கரம் மட்டும் சூடானால் காலிப்பரின் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) 'பின்' என்ற கம்பி இறுகியிருக்கும், இல்லையென்றால் வீல் சிலிண்டரோ ஹேண்ட் பிரேக் கேபிளோ துருப்பிடித்திருக்கும். மும்பையிலோ வளைகுடாவிலோ வேலை பார்த்துக்கொண்டு, ஊர் வீட்டில் வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். உவரி, கூடங்குளம், திசையன்விளை மாதிரி கடல் காற்று அடிக்கும் ஊர்களில் துரு இன்னும் சீக்கிரம் ஏறும். அப்படி நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விட்டுக் கல் வைப்பது நல்லது. ஊருக்கு வந்ததும் நேராகக் குற்றாலத்துக்குக் கிளம்பாமல், தெருவுக்குள் நாலு சுற்று ஓட்டி, சக்கரத்துச் சூட்டைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கிளட்ச்

வண்ணார்பேட்டை நெரிசல், ஈரடுக்குப் பாலத்தின் ஏற்றம், ஆனித் தேரோட்டச் சமயத்தில் டவுன் ரத வீதிகள், சீசனில் குற்றாலம் நுழையும் வரிசை. இந்த இடங்களில் கருகிய காகிதம் மாதிரிக் காரமான வாடை வந்தால் முதல் சந்தேகம் கிளட்ச். பாதி அழுத்திய கிளட்ச்சிலேயே வண்டியை ஏற்றத்தில் பிடித்து வைப்பதும், இடது காலைப் பெடல் மேலேயே வைத்துக்கொண்டு ஓட்டுவதும்தான் பெரும்பாலும் காரணம். ஏற்றத்தில் நின்றால் ஹேண்ட் பிரேக் போடுங்கள். நகரும் நேரத்தில் மட்டும் கிளட்ச்சை விடுங்கள். கிளட்ச் பெடல் இல்லாத ஏஎம்டி வண்டி வைத்திருப்பவர்கள் தங்களுக்கு இது வராது என்று நினைக்கக் கூடாது. அதற்குள்ளும் அதே கிளட்ச் பிளேட்தான் இருக்கிறது. ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்து வண்டியைப் பிடித்து வைத்தால் அதுவும் கருகும். பிரேக்கில் நில்லுங்கள்.

ஒரு தடவை வந்து, ஆறினதும் போய்விட்டால் கவலை வேண்டாம். அடிக்கடி வந்தால் சோதித்துப் பாருங்கள்: காலியான ரோட்டில் நாலாவது கியரில் ஐம்பதில் போகும்போது ஆக்ஸிலேட்டரை நன்றாக அழுத்துங்கள். இன்ஜின் சத்தமும் ஆர்பிஎம் முள்ளும் சட்டென்று ஏறி, வேகம் மட்டும் ஏறாவிட்டால் பிளேட் வழுக்குகிறது. அதை மாற்றுவதைத் தள்ளிப்போட்டால் பிளேட் உரசும் ஃப்ளைவீல் சக்கரமும் கெட்டு, செலவு கூடிவிடும்.

ஆயிலும் கூலன்ட்டும்

சர்வீஸ் முடித்து எடுத்த அன்று வாடை வந்தால் பயம் வேண்டாம், ஆனால் பாருங்கள். ஊற்றும்போது சிந்தின ஆயில் சூடான இடத்தில் கருகிக் கொஞ்ச தூரத்தில் தானாகத் தீர்ந்துவிடும். அடியில் துரு தடுப்புப் பூச்சு அடித்திருந்தால் சைலன்சரில் பட்டது இரண்டொரு நாள் வாடையடிக்கும். புது பிரேக் பேடும் முதலில் அப்படித்தான். ஆயில் மூடி சரியாக இருக்கிறதா, துடைத்த பனியன் துணியை இன்ஜின் மேலேயே விட்டுவிட்டார்களா என்று மட்டும் பானட்டைத் தூக்கிப் பார்த்துவிடுங்கள்.

நாள் கணக்கில் வாடை தொடர்ந்தால் எங்கோ கசிகிறது. பழைய வண்டிகளில் இன்ஜினின் மேல் மூடிப் பேக்கிங் காய்ந்துபோய், ஆயில் இறங்கி சைலன்சர் தலைப்பில் சொட்டும். நிறுத்தின உடனே பானட் பக்கம் நீலம் பாய்ந்த புகையும் கண்ணைக் கரிக்கும் வாடையும் வந்தால் பெரும்பாலும் இதுதான். ராத்திரி வண்டிக்கு அடியில் பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போடுங்கள். காலையில் எந்த இடத்தில், என்ன நிறத்தில் சொட்டியிருக்கிறது என்று பார்த்தால் பாதி வேலை முடிந்தது. ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப் ஸ்டிக்கில் அளவு இரண்டு குறிக்கும் நடுவே இருந்தால் ஒர்க்‌ஷாப் வரைக்கும் ஓட்டலாம். சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் ஒரு அடிகூட நகர்த்தாதீர்கள்.

வாடை இனிப்பாக, பாகு காய்ச்சுவது மாதிரி இருந்தால் அது கூலன்ட், இன்ஜினைக் குளிர வைக்கும் திரவம். வெப்ப முள்ளைப் பாருங்கள். ஓரம் கட்ட இடமில்லாமல் கொஞ்ச தூரம் போயே தீர வேண்டும் என்றால் ஏசியை அணைத்துவிட்டு ஹீட்டரை முழுசாக வையுங்கள். அக்னி நட்சத்திர வெயிலில் இது தாங்க முடியாததுதான், ஆனால் இன்ஜின் சூடு கொஞ்சம் வெளியேறும். நின்றதும் ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் நூறு டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும், திறந்ததும் முகத்தில் பீறிட்டு அடிக்கும். முக்கால் மணி நேரமாவது போக வேண்டும். அதற்குப் பிறகு கெட்டித் துணியை வைத்து மெதுவாகத் திறங்கள். கூலன்ட் இல்லையென்றால் தண்ணீர் ஊற்றலாம். ராதாபுரம், திசையன்விளை வட்டாரத்து உப்பு போர் தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள், உள்ளே அரித்துவிடும். கடையில் ஒரு கேன் குடிதண்ணீர் வாங்கிக்கொள்ளுங்கள். ஊற்றின தண்ணீரை அப்படியே விட்டுவைக்காமல் கசிவைச் சரிசெய்து கூலன்ட் மாற்றிவிடுங்கள். தரையில் சிந்தினதைக் கழுவி விடுங்கள். நாய், பூனை நக்கிவிடும், அது விஷம்.

ஒயர் கருகும் வாடை

நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். தீயாக மாற நேரம் எடுக்காது. மூக்கைக் குத்தும் பிளாஸ்டிக் வாடை, சில சமயம் மீன் வாடை மாதிரிகூட இருக்கும். டாஷ்போர்டு பக்கமிருந்தோ ஏசி துவாரத்திலிருந்தோ வரும். ஓரம் கட்டி அணைத்து, சாவியை எடுத்த பிறகும் வாடை கூடிக்கொண்டே போனால், பானட்டில் புகை இல்லாத பட்சத்தில், பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். பெரும்பாலான கார்களில் 10 ஸ்பேனர் போதும். அந்த ஸ்பேனர் ஒன்றை வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது வந்தது என்ற கேள்விக்கு இங்கேதான் மதிப்பு அதிகம். ஹெட்லைட் போட்டதும் வந்ததா, ப்ளோயரைக் கூட்டியதும் வந்ததா, டயருக்குக் காற்றடிக்கும் சின்ன பம்பைச் சிகரெட் லைட்டர் துளையில் செருகியபோது வந்ததா? எதைப் போட்டபோது வந்ததோ அதன் ஃபியூஸை மட்டும் பிடுங்கிவிட்டால், பல சமயம் வண்டியைப் பத்திரமாக ஒர்க்‌ஷாப் கொண்டுபோய்விடலாம்.

காரணங்களில் முதலிடம் வெளியே மாட்டின சாமான்களுக்கு. கம்பெனி பல்பு 60 வாட் என்றால் 5 ஆம்பியர் இழுக்கும். அதைக் கழற்றிவிட்டு 100 வாட் பல்பைப் போட்டால் எட்டு ஆம்பியருக்கு மேல். ஒயரும் ஹோல்டரும் மாறவில்லை, அதனால் ஹோல்டர் உருகும். ஃபாக் லைட், ஏர் ஹாரன், கேமரா, கலர் விளக்கு என்று எதை மாட்டினாலும் தனி ஃபியூஸும் ரிலேயும் போட்டுத்தான் மாட்ட வேண்டும். இருக்கிற ஒயரைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றிவிடும் வேலையை ஒத்துக்கொள்ளாதீர்கள். நம்மூர் வெயிலில் பானட்டுக்குள் அந்த டேப் பசை இளகி அவிழ்ந்துவிடும்.

ஃபியூஸைப் பிடுங்கினால் அதை உற்றுப் பாருங்கள். நடுவிலுள்ள மெல்லிய கம்பி அறுந்திருந்தால் மின்சாரம் அளவுக்கு மேல் போயிருக்கிறது, எங்கோ ஷார்ட் இருக்கலாம். கம்பி முழுசாக இருக்கிறது, ஆனால் கால் பக்கத்துப் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருக்கிறது என்றால் கதை வேறு. ஃபியூஸ் உட்காரும் இடம் தளர்ந்துபோய், சரியாகத் தொடாமல், அங்கேயே சூடாகியிருக்கிறது. அப்போது ஃபியூஸை மாற்றினால் மட்டும் தீராது, அந்த டெர்மினலையே மாற்ற வேண்டும். இந்த வித்தியாசத்தை எலக்ட்ரீஷியனிடம் சொன்னால் அவருக்கு நிறைய நேரம் மிச்சம். மாற்று ஃபியூஸ் அதே நிறமாகத்தான் இருக்க வேண்டும்: சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30 ஆம்பியர். பத்துக்குப் பதில் முப்பதைப் போட்டால் ஃபியூஸுக்குப் பதிலாக ஒயர் எரியும்.

அடுத்து எலியும் அணிலும். தென்னந்தோப்பு, வைக்கோல் படப்பு பக்கத்தில் நிறுத்தும் வண்டியில் தேங்காய்த் தும்பைக் கொண்டுவந்து இன்ஜின் மேலேயே கூடு கட்டிவிடும். தும்பு சூட்டில் கருகும், கடித்த ஒயர் ஷார்ட் ஆகும். சில நாள் எடுக்காத வண்டியைக் கிளப்பும் முன் பானட்டைத் தூக்கி ஒரு பார்வை பார்ப்பதைவிடப் பெரிய மருந்து இதற்கு இல்லை.

மற்ற சில வாடைகள்

கிரீச்சென்ற சத்தத்தோடு ரப்பர் வாடை வந்தால் ஃபேன் பெல்ட் வழுக்குகிறது. ஏசியை அணைத்ததும் நின்றுவிட்டால் கம்ப்ரஸர் இறுகியிருக்கலாம். நிற்காவிட்டால் ஓட்டாதீர்கள், பல வண்டிகளில் வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில்தான் சுற்றுகிறது. ஆள் நிறைய ஏறினபோது மட்டும் ரப்பர் வாடை வந்தால் டயர் உள் பக்கம் உரசுகிறதா, காற்று குறைவா என்று பாருங்கள்.

அழுகிய முட்டை வாடை என்றால் பேட்டரியோ கேட்டலிட்டிக் கன்வர்ட்டரோ. பேட்டரி பக்கவாட்டில் உப்பியிருந்தால் கிட்டே நெருப்புப் பொறி கூடாது, அந்த வாயு தீப்பிடிக்கும். இன்ஜின் ஓடும்போது மீட்டர் வைத்துப் பார்த்தால் பெரும்பாலான வண்டிகளில் சுமார் 14 வோல்ட் காட்ட வேண்டும். 15-ஐத் தாண்டினால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்நேட்டரைப் பாருங்கள்.

பிஎஸ் 6 டீசல் வண்டிகளில் சைலன்சர் வடிகட்டியில் சேர்ந்த கரியை வண்டியே அவ்வப்போது எரித்துக்கொள்ளும். அப்போது 600 டிகிரி அளவுக்குச் சூடேறும், கருகல் வாடையும் வரும். அது கோளாறு இல்லை. நான்குவழிச் சாலையில் நிற்காமல் கொஞ்ச தூரம் ஓட்டினால் முடிந்துவிடும். ஆனால் அந்த நேரத்தில் வைக்கோல் மேலோ காய்ந்த புல் மேலோ நிறுத்துவது ரொம்ப ஆபத்து.

பச்சைப் பெட்ரோல் வாடையோ கேஸ் வாடையோ வந்தால் இன்ஜினை அணைத்து, எந்த ஸ்விட்சையும் திரும்பத் தொடாமல், கதவுகளைத் திறந்துவிட்டு எல்லோரும் விலகுங்கள். கேஸ் வண்டி என்றால் சிலிண்டர் வால்வை மூட முடிந்தால் மூடுங்கள். மின்சாரக் காரில் அடியிலிருந்து வெள்ளைப் புகையும் ரசாயன வாடையும் வந்தால் ஒரு கிலோ பவுடரை வைத்துக்கொண்டு முயற்சி செய்யாதீர்கள். தூரப் போய் 101-ஐக் கூப்பிடுங்கள்.

மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டியது

"கருகுன வாடை வருது, பாருங்க" என்று மட்டும் சொல்லி வண்டியை விட்டுவிட்டு வந்தால், அவர் ஓட்டிப் பார்க்கும்போது வாடை வராது. "வள்ளியூர் தாண்டி, எண்பதில் அரை மணி நேரம் ஓட்டின பிறகு, இடது முன் சக்கரத்துப் பக்கம், ஏசி போட்டிருந்தேன்" என்று சொல்லுங்கள். வாடை வந்த அன்றே போனில் நாலு வரி குறித்து வையுங்கள்: எந்த ரோடு, என்ன கியர், எதைப் போட்டிருந்தீர்கள், எந்தப் பக்கம் வாடை கூடுதல். புகை, உருகின ஃபியூஸ், சொட்டின அட்டை, எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள்.

மாற்றின பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒரு பக்கத்து பிரேக் பேட் மட்டும் தேய்ந்து கண்ணாடி மாதிரிப் பளபளத்தால், புது பேட் போட்டால் மட்டும் போதாது, காலிப்பர் பின்னையும் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்தார்களா என்று கேளுங்கள். வண்டியை எடுத்ததும் வாடை வந்த அதே ரோட்டில், அதே வேகத்தில், அதே மாதிரி ஏசி போட்டு ஓட்டிப் பார்த்து, நிறுத்தி, நாலு சக்கரத்தின் பக்கமும் திரும்பவும் கையைப் பிடித்துப் பாருங்கள். இடதும் வலதும் ஒரே சூடாக இருந்தால் பாக்கிப் பணத்தைக் கொடுக்கலாம்.